காப்பி மணம் எத்தனை நாள் தாங்கும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் மான்செஸ்டரிலிருந்து போன் பண்ணினான். வழக்கமான நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "மாமா, காப்பி எசென்ஸ் எத்தனை நாள் தாங்கும்? வீட்ல பண்ணது," என்றான். டிகாக்‌ஷனைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "எசென்ஸ் என்னடா எசென்ஸ், காலையில் போட்டதைச் சாயங்காலம் குடித்தாலே உங்க பாட்டி திட்டுவா," என்றேன். சிரித்தான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

அவன் மூன்று வருஷத்துக்கு முன்னால் சிகரெட்டை விட்டவன். விட்டதற்குக் காரணம் அத்தான். அவர் நுரையீரல் கெட்டு, கடைசி ஆறு மாதம் மூச்சுக்குத் திணறியதை அவன் பக்கத்தில் இருந்து பார்த்தான். சிகரெட்டுக்குப் பதிலாக மின்சிகரெட் பிடிக்கிறான். இந்தியாவில் 2019-லேயே அதற்குச் சட்டத் தடை வந்துவிட்டது. பிரிட்டனில் கடையில் கிடைக்கிறது. கடையில் விற்கும் காப்பி வாசனை "பிளாஸ்டிக் மாதிரி" இருக்கிறதாம். அதனால் நல்ல காப்பித் தூளை ப்ரொப்பிலீன் கிளைக்காலில் இரண்டு வாரம் ஊறவைத்து, வடிகட்டி, குப்பியில் அடைத்திருக்கிறான். அந்தத் திரவம் எத்தனை நாள் மணம் மாறாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி.

"படிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷ வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது கடைசியில்.

பச்சைக்கொட்டை பொறுமைசாலி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வறுக்காத காப்பிக்கொட்டைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மலபார் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்கு மாதக்கணக்கில் போன கொட்டை, கடல் காற்றில் ஊதி, நிறம் வெளுத்து, புளிப்பு குறைந்து போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தவர்களுக்கு அந்த ருசியே பிடித்துவிட்டது. நீராவிக் கப்பல் வந்து பயணம் சுருங்கியதும் "பழைய ருசி எங்கே?" என்று கேட்டார்கள். கரையிலேயே மழைக்காற்றில் கொட்டையைப் பரப்பி அதே ருசியைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மான்சூண்டு மலபார் என்று விற்பது அதுதான்.

வறுத்ததும் கதை மாறுகிறது. வறுக்கும்போதுதான் மணம் பிறக்கிறது, பிறந்த நிமிஷத்திலிருந்தே அது வெளியேறவும் தொடங்குகிறது. அதனால்தான் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வறுத்து அரைக்கிற பழக்கம் பல ஊர்களில் இருந்தது. எங்கள் பாட்டி வீட்டிலும் வறுக்கிற உருளை ஒன்று அடுப்படி மூலையில் கிடந்தது. நான் பார்த்தபோது துருப்பிடித்துவிட்டது. வீட்டில் வறுக்கிற வரைக்கும் "எத்தனை நாள் தாங்கும்" என்று யாரும் கேட்கத் தேவையில்லை. ஓரிடத்தில் வறுத்து இன்னோரிடத்தில் விற்கத் தொடங்கியபோதுதான் கேள்வி பிறந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஜான் அர்பக்கிள் என்ற மளிகை வியாபாரி 1868-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். வறுத்த கொட்டைமேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சு போடுவது அவர் யுக்தி. கொட்டையின் துளைகளை அடைத்துவிட்டால் மணம் உள்ளேயே நிற்கும் என்பது கணக்கு. அதைக் காகிதப் பையில் போட்டு விற்றார். மாடு மேய்க்கும் கௌபாய்கள் வரைக்கும் அந்தக் காப்பி போய்ச் சேர்ந்தது.

பட்டாளத்துக் காப்பி

கொட்டையை விட்டுவிட்டு, இறக்கின காப்பியையே பாதுகாக்க முயன்றவர்களில் முக்கியமானவர்கள் பட்டாளத்துக்காரர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு, காப்பியும் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பசை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்தால் காப்பி. வேலை மிச்சம்தான், ஆனால் சிப்பாய்களுக்கு அது பிடிக்கவே இல்லை. பார்ப்பதற்கு வண்டி அச்சுக்குப் போடும் மசை மாதிரி இருந்ததாம். கொட்டையையே கொடுங்கள், நாங்களே இடித்துக் காய்ச்சிக்கொள்கிறோம் என்ற நிலைக்குத் திரும்பினார்கள்.

இதே யோசனை பிரிட்டனில் வெற்றி பெற்றது. 1876-ல் கிளாஸ்கோவில் பேட்டர்சன் அண்ட் சன்ஸ் நிறுவனம் 'கேம்ப் காப்பி' என்ற குப்பிச் சாற்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இருந்த கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவு, களத்தில் சட்டென்று கலக்க ஒரு காப்பி வேண்டுமென்று கேட்டதால் உண்டானது என்று ஒரு கதை சொல்வார்கள். குப்பியின் படத்தில் கூடாரத்துக்கு முன் ஸ்காட்லாந்துச் சிப்பாய் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் தட்டு ஏந்தி ஒரு சீக்கியர் நிற்பார். பிற்காலத்தில் தட்டு மறைந்தது. இப்போது வரும் படத்தில் இருவரும் அருகருகே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். ஒரு சாம்ராஜ்யம் முடிந்த கதையைச் சரித்திரப் புத்தகம் இல்லாமலேயே அந்த லேபிளில் படித்துவிடலாம்.

மருமகனிடம் சொன்னேன். மறுநாளே கடைக்குப் போய் அந்தக் குப்பியைப் படமெடுத்து அனுப்பினான். பின்பக்கத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சர்க்கரைப்பாகு, சிக்கரிச் சாறு 26 சதவீதம், காப்பிச் சாறு வெறும் 4 சதவீதம்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேம்ப் காப்பி கெடாமல் இருப்பதற்குக் காரணம் சர்க்கரை. பாகு கெட்டியாக இருப்பதால் அதிலுள்ள தண்ணீரை நுண்ணுயிர் பயன்படுத்திக்கொள்ள முடியாது, நம் ஊறுகாயில் உப்பு செய்கிற அதே வேலை. ருசி மாறாததற்குக் காரணம் வேறு. அந்த ருசியில் பெரும்பங்கு சிக்கரியின் கசப்பும் கருகின இனிப்பும். அவை ஆவியாகிப் போகிற சரக்கு இல்லை. காப்பியின் மணத்தைப் பொறுத்தவரை, குப்பியில் அடைக்கும்போதே முக்கால்வாசி போயிருக்கும். போவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லாததால் போகவில்லை.

ஆக, "தாங்கும்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்குமா என்பது ஒன்று. மணம் இருக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டே விடை கண்டுவிட்டது. இரண்டாவதுக்கு இன்னும் அரை விடைதான்.

காற்றை வெளியேற்று

1900-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் காற்றை உறிஞ்சிய டப்பாவில் காப்பித் தூளை அடைத்து விற்றது. மணத்தைக் கெடுக்கும் எதிரிகளில் முக்கியமானது ஆக்ஸிஜன் என்பதால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் வறுத்த கொட்டை நாள்கணக்கில் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். உடனே இறுக்கி அடைத்தால் பை உப்பி வெடிக்கும். அதற்காகத் தூளைச் சிறிது நேரம் ஆறப்போட வேண்டியிருந்தது, ஆறும் நேரத்தில் மணமும் கொஞ்சம் போனது. உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வு இத்தாலியின் கோலியோ நிறுவனத்திடமிருந்து 1960களின் பிற்பகுதியில்தான் வந்தது. இன்றைக்குக் காப்பிப் பையில் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான். பையை அமுக்கி அதன் வழியாக மோந்து பார்க்காதவர் யார்!

மணத்தின் பெயர்

மணம் போகிறது என்றால் சரியாக எது போகிறது? இதைக் கேட்டவர்களில் முக்கியமான இருவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார்கள். ஹெர்மன் ஸ்டாடிங்கர் முதலாம் உலகப் போர்க் காலத்தில் செயற்கை மிளகு தயாரிப்பதில் ஈடுபட்டவர். அவரிடம் வேலை பார்த்த டாடியஸ் ரைக்ஸ்டைன் 1922-ல் வறுத்த காப்பியின் மணப்பொருள்களைப் பிரிக்கத் தொடங்கினார். ஒன்பது வருஷம் அதிலேயே உழைத்தார். பிற்பாடு ரைக்ஸ்டைனுக்கு 1950-ல் மருத்துவத்துக்கும், ஸ்டாடிங்கருக்கு 1953-ல் வேதியியலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டும் வேறு ஆராய்ச்சிகளுக்காக. காப்பி மணத்தைப் பிடித்து அடைக்கிற வேலை நோபல் வாங்கிய இரண்டு பேரையும் தண்ணி காட்டியது.

அவர்கள் கண்டவற்றில் ஒன்று ஃபர்ஃபியூரைல் தயோல் என்ற கந்தகச் சேர்மம். துளியிலும் துளியாக இருந்தால் அப்போதுதான் வறுத்த காப்பி வாசனை அடிக்கும். அளவு கூடினால் நாற்றம். காப்பியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் இருந்தாலும், "ஆகா, காப்பி!" என்று மூக்கைத் திரும்ப வைப்பதில் இதற்குத் தனி இடம் உண்டு. சீக்கிரம் காணாமல் போகிறவர்களின் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

ஏன் காணாமல் போகிறது? மூடி வைத்தால் ஆவியாகாதே என்று நமக்குத் தோன்றும். ஜெர்மனியின் ஹோஃப்மன், ஷீபெர்லே இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. காப்பியின் கரும்பழுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின் என்ற பெரிய மூலக்கூறுகள் இந்தக் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துத் தம்மோடு கட்டிவிடுகின்றன. அதாவது மணம் பாத்திரத்தை விட்டு வெளியே ஓடவில்லை. உள்ளேயே கைதாகிவிட்டது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை. காலை டிகாக்‌ஷனைச் சாயங்காலம் சுட வைத்தால் ஏன் வெறும் கசப்பும் நிறமும் மட்டும் மிஞ்சுகிறது என்பதற்கு, பாட்டி திட்டினதற்கு, வேதியியல் காரணம் இதுதான்.

நெஸ்லே கண்ட வழி

நடுவில் ஒரு படி பின்னால் போக வேண்டும். 1929-ல் பங்குச்சந்தை சரிந்ததும் பிரேசிலில் காப்பி மலைபோல் தேங்கியது. மூட்டை மூட்டையாக எரித்தார்கள். மிஞ்சின காப்பியை நீண்ட நாள் வைக்கிற வடிவத்துக்கு மாற்ற முடியுமா என்று நெஸ்லேயிடம் கேட்டார்கள். மாக்ஸ் மார்கன்தாலர் என்ற வேதியியலாளர் வருஷக்கணக்கில் முயன்றார். பாலும் சர்க்கரையும் சேர்த்த காப்பிப் பொடியில் மணம் அதிக நாள் நிற்பதைக் கவனித்தார். அதிலிருந்து, போதிய மாவுச்சத்து வகைப் பொருளைச் சேர்த்து உலர்த்தினால் மணம் நிற்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1938 ஏப்ரல் 1 அன்று சுவிட்சர்லாந்தில் நெஸ்கஃபே விற்பனைக்கு வந்தது.

அதிலும் முழு மணம் கிடையாது. பிற்காலத்து இன்ஸ்டன்ட் தயாரிப்பாளர்கள், உலர்த்தும்போது போகிற மணத்தைத் தனியே பிடித்துக் காப்பி எண்ணெயோடு சேர்த்துக் குப்பியில் தெளிக்கும் முறையைக் கண்டார்கள். புதுக் குப்பியின் காகிதத்தைக் கிழிக்கும்போது குப்பென்று வருகிறதே, அந்த மணம் அப்படி வந்தது. நாலாவது நாள் திறந்தால் அது இருக்காது.

கிளைக்கால் குப்பி

இப்போது மருமகன் குப்பிக்கு வருவோம். 2003-ல் சீனாவின் ஹொன் லிக் என்ற மருந்தாளர் இன்றைய மின்சிகரெட்டின் மூலவடிவத்தை உருவாக்கினார். அவர் அப்பாவும் நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். ப்ரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான் அதன் திரவத்துக்கு அடிப்படை. உணவு வாசனைத் தொழிலில் கிளைக்கால் பழைய ஆள், எசென்ஸ் குப்பிகளில் கரைப்பானாக இருப்பது. அதனால் வீட்டிலேயே காப்பியை ஊறவைக்கலாமே என்ற யோசனை எளிதில் வந்துவிடுகிறது.

கெட்டுப்போகுமா? தண்ணீர் சேர்க்காத கிளைக்காலில் பூஞ்சை, பாக்டீரியா வளராது. கேம்ப் காப்பியில் சர்க்கரை செய்த வேலையைக் கிளைக்கால் செய்கிறது. டிகாக்‌ஷனைச் சேர்த்தாலோ, ஈரக் கரண்டி விட்டாலோ அந்தக் காப்பு உடையும்.

மணம் நிற்குமா? மேலே பார்த்த சரித்திரம் மொத்தமும் இல்லை என்கிறது. ஊறவைக்கும்போதே மெலனாய்டினும் கொஞ்சம் இறங்குகிறது, குப்பியில் காற்று இருக்கிறது, வெளிச்சம் படுகிறது. புது வறுவலின் கூர்மை முதலில் போகும். பின்னால் நிற்பது கருகல், கசப்பு, புகைவாசனை. அரபிகா கொட்டையில் சுமார் 15 சதவீதம் எண்ணெய். கிளைக்காலில் எண்ணெய் சரியாகக் கரையாது, ஆனாலும் கலங்கலோடு கொஞ்சம் வந்துசேரும். அது நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். இருட்டில், குளிரில், சின்னக் குப்பியில், விளிம்பு வரை நிரப்பி வைத்தால் இவை தாமதமாகும், நிற்காது.

இங்கேயே பதிவை முடித்திருப்பேன். ஆனால் அந்த எண்ணெயில் என் யோசனை சிக்கிக்கொண்டது.

மூக்குக்குத் தெரியாதது

1925-ல் லாஃப்லென் என்ற மருத்துவர், மூக்கு தொண்டை வழியாக எண்ணெய் மருந்து போட்டுக்கொண்டவர்களின் நுரையீரலில் ஒருவகை நிமோனியாவைக் கண்டு எழுதினார். எண்ணெய் வயிற்றுக்குள் போனால் செரிக்கும். நுரையீரலில் அதைச் செரிக்க வழியில்லை, அங்கேயே தங்கி அழற்சி உண்டாக்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடாதீர்கள் என்று நம்மூர்க் குழந்தை மருத்துவர்கள் இன்றும் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இரண்டாவது சம்பவம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், ஜாஸ்பர் என்ற சிற்றூர். 2000-ல், அங்கிருந்த மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பாகி அடைபடும் அரிய நோய் இருப்பதை ஒரு மருத்துவர் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். விசாரணை வெண்ணெய் வாசனைக்குப் போய் நின்றது, அதிலிருந்த டையசிட்டைல் மேல். சாப்பிடப் பாதுகாப்பானது என்று பட்டியலில் இருந்த பொருள். சூடாக்கிய தொட்டியிலிருந்து எழுந்த ஆவியாக மூச்சில் போனபோது கதை வேறு.

மூன்றாவது, டெக்சாஸில் ஒரு காப்பி ஆலை. சுவையூட்டிய காப்பி தயாரிக்கும் இடம். அங்கே வேலை பார்த்த இருவருக்கு அதே நோய் என்று 2013-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. வாசனை சேர்க்காத வெறும் காப்பியை வறுத்து அரைக்கும்போதும் டையசிட்டைல் இயற்கையாகவே வெளிவருகிறது என்பதும் தெரிந்தது. அது வறுத்த காப்பியின் மணத்தில் இயல்பாகவே ஒரு பங்கு. 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுவையூட்டிய மின்சிகரெட் பொருள்கள் 51 எடுத்துச் சோதித்தபோது 39-ல் டையசிட்டைல் இருந்தது.

ஒரு குப்பியால் இந்த நோய் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலைத் தொழிலாளி நாள் முழுக்கச் சுவாசித்ததும், இவன் நாலு இழுப்பு இழுப்பதும் ஒன்றில்லை. நான் சொல்ல வருவது இது. அர்பக்கிள், பேட்டர்சன், மார்கன்தாலர் எல்லாரும் நாக்கையும் மூக்கையும் நீதிபதியாக வைத்துத்தான் "இது நல்லாயிருக்கு, இது பழசு" என்று தீர்ப்பு வாங்கினார்கள். குடிக்கிற பொருளுக்கு அது பெரும்பாலும் போதும். நுரையீரலுக்கு ருசி தெரியாது, மணமும் தெரியாது. குப்பி புதிதாக, கமகமவென்று இருக்கிற அன்றைக்கும் அதற்குள் எண்ணெய் இருக்கலாம், டையசிட்டைல் இருக்கலாம், சூடான கம்பிச்சுருளில் கருகுகிற கரைசல் திடப்பொருள் கட்டாயம் இருக்கும்.

சொன்ன பதில்

இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். பயமுறுத்தினால், "எல்லாமே விஷம்தான், அப்போ சிகரெட்டே தேவலாம்" என்று திரும்பிவிடுவானோ என்ற கவலை. அத்தானைத் தூக்கிக்கொண்டு போனது காப்பி வாசனை இல்லை, எரிந்த புகையிலை. அது எனக்கு மறக்காது.

போன் போட்டேன். "மணம் கொஞ்ச நாள்தான்டா நல்லா இருக்கும். அப்புறம் கசப்பும் சிக்கு வாடையும்தான். ஆனா நீ கேட்ட கேள்வியே பாதி. இது குடிக்கற பொருளாயிருந்தா நாள் சொல்லிடலாம். மூச்சுல இழுக்கறதுக்கு, முதல் நாளே வேண்டாம்," என்றேன். சிகரெட் பக்கம் திரும்பாதே, கொஞ்ச நாள் இது தேவை என்றால் முறையாகப் பதிவான, உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கத்து அரசு அமைப்பிடம் தெரிவித்த திரவத்தையே வாங்கு, மெதுவாக அதையும் குறை என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இருபது பவுன் காப்பித் தூள் மாமா," என்றான்.

"மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்கு."

போன வாரம் தெரிந்த ஒருவர் மான்செஸ்டர் போனார். அவர் கையில் ஒரு பித்தளை பில்டர் கொடுத்தனுப்பினேன். முந்தாநாள் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வரி: "இது எத்தனை நாள் தாங்கும்?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். "இறங்கினதும் குடிச்சிடு" என்று எழுதி அனுப்பினேன்.